இன்ஜினை இறக்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: என் பெட்ரோல் கார் 2011 மாடல். 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்தால் மிஸ்ஸிங் அடிக்கிறது, இன்ஜின் விட்டு விட்டு ஓடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் நின்றால் எண்ணெய் கருகுகிற வாடை வருகிறது. மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார். பிளக் குழிக்குள் ஆயில் நின்றதாம். “ரிங் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்” என்கிறார். வண்டிக்கு 15 வயது ஆகப்போகிறது. செலவு செய்யலாமா, விற்றுவிடலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். குழியில் ஆயில் நிற்பதை மட்டும் வைத்து ரிங் (பிஸ்டனைச் சுற்றி, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அது வேறு இடத்துக் கோளாறு.

இதுபோன்ற இன்ஜின்களில் பிளக், ஆழமான ஒரு குழாயின் அடியில் உட்கார்ந்திருக்கும். குழாயின் மேல்வாயை டேப்பெட் கவரோடு, அதாவது இன்ஜினின் மேல்மூடியோடு, சேர்த்து அடைப்பது ஒரு ரப்பர் சீல். வருடக்கணக்காகச் சூடு பட்டு அந்த ரப்பரும், கவரின் பேக்கிங்கும் இறுகிப்போய் வெடிப்பு விடும். அப்போது ஆயில் மேலேயிருந்து குழிக்குள் இறங்கும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறை அதில் ஊறினால் தீப்பொறி வழி மாறி மிஸ்ஸிங் அடிக்கும். கவர் ஓரமாகக் கசிவது சைலன்சர் மேனிஃபோல்டில் சொட்டினால் கருகிய வாடை வரும். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் இந்த ஒரு கசிவே காரணமாக இருக்கலாம்.

ரிங் தேய்ந்தால் ஆயில் கீழேயிருந்து, அதாவது பெட்ரோல் எரியும் அறைக்குள் வரும். நடுவில் பிளக்கின் மரையும் வாஷரும் அடைத்து நிற்பதால் அது மேலே குழிக்கு ஏறி வராது. எனவே கழற்றிய பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானும் மரையின் மேல்பக்கமும் ஆயிலில் நனைந்து, தீப்பொறி விழும் நுனி மட்டும் காய்ந்து பிஸ்கட் நிறத்தில் இருந்தால், உங்கள் இன்ஜினின் உள்பக்கம் நன்றாக இருக்கிறது. நுனியே கறுத்து, ஆயில் பிசுபிசுப்போடு இருந்தால்தான் ரிங்கையோ, வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீலையோ சந்தேகப்பட வேண்டும். விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கலவை அதிகம். ஏர் ஃபில்டரிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். பழைய பிளக்குகளைத் தூக்கிப் போட்டிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் புதியவற்றைக் கழற்றிப் பாருங்கள். குழியில் மறுபடி ஆயில் நின்றால் அதை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். இன்ஜின் ஆறிய பிறகே கை வைக்கச் சொல்லுங்கள். பிளக் திருகப்படும் ஹெட் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும்.

நுனி நனைந்திருந்தாலும் உடனே தலையாட்டாதீர்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் சோதனை, எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருக்கும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங்கில் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். புகையும் துப்பு கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல். பல இன்ஜின்களில் அதை இன்ஜினை இறக்காமலே மாற்றலாம். ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை தள்ளினால் ரிங். இந்தச் சோதனை எதுவும் செய்யாமல் நாற்பதாயிரம் கேட்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஒரு குடும்பம் சேர்த்து வைத்த பணம் அது.

சரி, கசிவை எப்படி நிறுத்துவது? டேப்பெட் கவர் பேக்கிங்கையும் குழாய் சீல்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஊறி உப்பிய காயில் உறைகளையும் மாற்றிவிடுங்கள். அதோடு பி.சி.வி. வால்வைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சின்னப் பொருள்தான், பலரும் கவனிப்பதில்லை. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். அப்புறம் இன்ஜினைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழிவதால், நனைந்த இடங்களில் மிக மேலே இருப்பதுதான் ஊற்று. சொட்டு விழும் இடத்தைப் பார்த்து, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கை மாற்றி ஏமாறுகிறவர்கள் நிறைய. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் கசிந்தால் அது பின்பக்க ஆயில் சீல். சீல் விலை குறைவு, கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் அதிகம். கிளட்ச் மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒரே கூலியில் முடியுங்கள். கசிவை அடைக்கும் என்று பாட்டிலில் விற்கும் மருந்தை ஊற்ற வேண்டாம்.

கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் வண்டியை விற்காதீர்கள். வண்டி ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. சான்றைக் காட்டி ஆர்.சி.யை 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். 15 வயது தாண்டி 20 வயதுக்குள் இருக்கும் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி.

கேள்வி: ஜே.சி. ரோட்டில் இரிடியம் பிளக் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, விவேக்நகர்

பதில்: மலிவு என்பதாலேயே கவனம் தேவை, போலி பிளக் நிறைய புழங்குகிறது. கம்பெனி டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில்லில் 28 இருந்தால் கேளுங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்தே எடுங்கள். பிளக் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்திவிடும் என்பதைக் காட்டும் வெப்ப எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் கூடினால் சூடான பிளக். இரிடியத்தின் நுனி மெல்லியது. இடைவெளியை உளி போட்டு நெம்ப விடாதீர்கள்.

கேள்வி: பட்டறையில் பில் தரவில்லை, பழைய பாகத்தையும் தரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கட்டியதற்கான யு.பி.ஐ. பதிவையும், மெக்கானிக்கோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அடுத்த முறை வண்டியை விடும்போதே, “பழைய பாகங்கள் திரும்ப வேண்டும்” என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.