பத்தொன்பது வயதில் கிளம்புவது

அன்புள்ள ஐயா,

நான் வட கரோலைனாவின் டர்ஹம் நகருக்கு அருகில் குடும்பத்துடன் வசிக்கிறேன். என் மகனுக்குப் பதினான்கு வயது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி என்றால் அவனுக்கு உயிர். 2025 ஏப்ரலில் தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 70–67 என்று தோற்ற இரவில் அவன் சாப்பிடாமலேயே படுத்துவிட்டான். அணியின் நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக் இன்னும் ஓர் ஆண்டு இருந்து கோப்பையை வென்று தருவார் என்று நம்பியிருந்தான். அவரோ முதலாண்டு முடிந்ததும், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, முதல் ஆளாகத் தேர்வாகி, டல்லாஸ் அணிக்குப் போய்விட்டார். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் இடமும் உதவித்தொகையும் கொடுத்தும், ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பணத்தின் பின்னால் ஓடுகிறார்களே, இது கல்விக்குச் செய்யும் அவமரியாதை இல்லையா? நான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து, நல்ல வேலை கிடைத்ததால் முதுகலையோடு நிறுத்திக்கொண்டவன். படிப்பின் அருமை எனக்குத் தெரியும். இப்படிப் போகிறவர்களிடம் உதவித்தொகையைத் திருப்பி வாங்க வேண்டாமா? கல்லூரி ஆட்டத்தின் தரமும் இதனால் கெடுகிறதே? என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் 1971-ஆம் ஆண்டின் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் விளையாட்டுக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

உங்கள் மகனின் துக்கத்தை நான் மதிக்கிறேன். தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு தோல்விக்காகப் பட்டினி கிடக்கும் மனது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு "போனவன் நன்றிகெட்டவன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அதை ஏற்கெனவே சொல்லிவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆட்டச் சீட்டும் தொலைக்காட்சி உரிமையும் கொண்டுவரும் தொகையோடு ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் நீங்களே அந்த வரியை அடித்துவிடுவீர்கள். ஆட்டத்தின் தரம் பற்றிய புலம்பல் எல்லாத் தலைமுறையிலும் உண்டு, அதை விட்டுவிடுவோம்.

ஆனால் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்ட கதையை அவ்வளவு இயல்பாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பதினெட்டு வயதுப் பையனைக் கல்விக்குத் துரோகம் செய்தவனாக நிறுத்துகிறீர்களே, அது எப்படி? உங்கள் துறைத்தலைவர் வீதியில் நின்று உங்களைத் திட்டினாரா? நல்ல வேலை கிடைத்தது, போனீர்கள். ஊரும் உறவும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றன. அதே காரியத்தை உயரமான, பெரும்பாலும் கறுப்பினத்தைச் சேர்ந்த இளைஞர்கள் செய்யும்போது மட்டும் அது பணத்தாசை ஆகிவிடுகிறது. ட்யூக்கிலேயே இது பழைய கதைதான். 1999-இல் எல்டன் பிராண்ட் இரண்டாம் ஆண்டோடு கிளம்பி, டிராஃப்டில் முதல் ஆளாகச் சிகாகோவுக்குப் போனார். அவரைக் கண்டித்து அந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்ப, "நான் ஏன் அங்கிருந்து கிளம்பினேன் என்பதை நினைவூட்டியதற்கு நன்றி, உங்களைப் போன்றவர்களுக்கு என் நிலைமை ஒருபோதும் புரியாது" என்ற பொருளில் பிராண்ட் பதில் எழுதினார். அது அப்போது பரவலாகச் சுற்றி வந்தது.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, முதலாண்டுப் புள்ளியியலுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை எடுத்தேன். அதில் கல்லூரி அணியின் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். நாற்காலியோடு இணைந்த சின்ன எழுதுபலகைக்குள் அவர் முழங்கால் நுழையாது. ஓர இருக்கையில் உடம்பைத் திருப்பி, கால்களை நடைவழியில் நீட்டி, தாளை மடியில் வைத்து எழுதுவார். வெளியூர் ஆட்டம் முடிந்து பின்னிரவில் ஊர் திரும்பிய மறுநாளும் காலை வகுப்புக்குக் கணுக்காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வகுப்பு முடியும்போது அவர் காலடியில் தேங்கியிருக்கும் தண்ணீரை அவரே காகிதத் துண்டால் துடைத்துவிட்டுப் போவார். பருவத்தின் நடுவில் விளையாட்டுத் துறையிலிருந்து எனக்கு ஒரு படிவம் வரும். வருகை எப்படி, மதிப்பெண் தேறுமா, ஆடும் தகுதிக்கு ஆபத்து உண்டா என்று கட்டங்கள் இருக்கும். அவருக்குப் பாடம் புரிகிறதா என்று கேட்க அதில் ஒரு வரிகூட இருந்ததில்லை.

இரண்டாம் ஆண்டு முடிவில் அவர் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். படிப்பை மதிக்காதவன் என்று வளாகத்துக்கு வெளியே ஒரு கடைக்காரர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவர் தலைக்கு மேலே அந்தப் பையனின் எண் பொறித்த சட்டைகள் விற்பனைக்குத் தொங்கின. அவற்றில் ஒன்றின் விலையில் ஒரு சென்ட்கூட அந்தப் பையனுக்குச் சேரவில்லை. சேர்ந்திருந்தால், அன்று கல்லூரி அணியில் ஆடும் தகுதியே பறிபோயிருக்கும். டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. முகவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் கல்லூரி அணிக்குத் திரும்ப முடியாது என்பது அன்றைய விதி என்பதால், அவர் ஐரோப்பாவுக்கு ஆடப் போனார் என்று கேள்விப்பட்டேன். முன்கூட்டிக் கிளம்பியவர்கள் எல்லாரும் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை. டிராஃப்டில் இரண்டே சுற்றுகள், ஏறத்தாழ அறுபது இடங்கள், அவற்றில் முதல் சுற்றுக்கு மட்டுமே ஊதிய உத்தரவாதம். பலர் தோற்கிறார்கள். தோற்கும் உரிமையும் அவர்களுடையது என்பதே என் கட்சி.

இனி அந்த நீதிமன்ற ஆணைக்கு வருகிறேன். அது ஸ்பென்சர் ஹேவுட் என்ற கூடைப்பந்து ஆட்டக்காரரைப் பற்றியது. அவர் 1949-இல் மிசிசிப்பியின் சில்வர் சிட்டியில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகள் உள்ள குடும்பம்; தந்தை அவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்; சிறு வயதில் பருத்தி பறித்தவர். 1968-இல் பத்தொன்பது வயதில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடித் தங்கம் வென்றார். அமெரிக்காவின் கொடியைச் சுமக்க அந்த வயது போதுமானதாக இருந்தது; அமெரிக்காவில் ஊதியம் வாங்கத்தான் போதவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரையும் சேர்த்துக்கொள்வதில்லை என்று என்.பி.ஏ. விதி வைத்திருந்தது. போட்டி அமைப்பான ஏ.பி.ஏ. அவரைச் சேர்த்துக்கொண்டது, டென்வர் அணியில் முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 30 புள்ளிகள் எடுத்து அந்த அமைப்பின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். பின்னர், பெரிய தொகை என்று காட்டப்பட்ட தன் ஒப்பந்தத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வரும் என்று தெரிந்து வெளியேறி, 1970-இல் சியாட்டில் அணியில் சேர்ந்தார். எதிரணிகள் முறையிட்டன, அரங்குகளில் ஒலிபெருக்கி வழியாக, சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார் என்று அறிவித்தார்கள். பந்தை ஏந்தியதைத் தவிர அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

அவரும் சியாட்டில் அணியின் உரிமையாளர் சாம் ஷுல்மனும் வழக்காடினார்கள். அந்த விதி கல்லூரி மாணவர்களை மட்டுமல்ல, கல்லூரிக்குப் போக விரும்பாதவர்களையும், போக வசதியில்லாதவர்களையும்கூடத் தடுக்கிறது, விலக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க ஒரு பெயரளவு விசாரணைக்குக்கூட அதில் இடமில்லை என்று மாவட்ட நீதிமன்றம் கண்டது. அவரை ஆடவிடாவிட்டால் அவர் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதி வீணாகும், கடும் போட்டியில்லாமல் உடலும் திறனும் மங்கும், அவருடைய தன்மானமும் பெருமிதமும் காயப்படும் என்றும் அது சொன்னது. 1971 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவர் ஆடுவதற்கான இடைக்கால உத்தரவை மீண்டும் நடப்புக்குக் கொண்டுவந்தார். பிறகு சமரசம் ஆயிற்று. அதன் விளைவாக என்.பி.ஏ. என்ன செய்தது தெரியுமா? முன்கூட்டி வர விரும்புகிறவர் தன் குடும்பத்தின் வறுமையை நிரூபித்தால் வரலாம் என்றது. 1976 வரை இதுதான் நடைமுறை. திறமையை நிரூபித்தவனிடம் ஏழ்மையையும் நிரூபி என்றார்கள். ஹேவுட்டுக்குக் கூடைப்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் தர அவர்களுக்கு 2015 வரை ஆயிற்று.

"ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வருடத்தை வைத்தது யார்? ஃப்ளாக் அல்ல. கெவின் கார்னெட் 1995-இலும், கோபி பிரையன்ட் 1996-இலும், லெப்ரான் ஜேம்ஸ் 2003-இலும் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். 2005-இல் என்.பி.ஏ.வும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில்தான், டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் பத்தொன்பது வயது ஆக வேண்டும், உடன் படித்தவர்கள் பள்ளியை முடித்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பள்ளி மைதானங்களில் ஆளைக் கணிப்பது அணிகளுக்குச் சூதாட்டமாக இருந்தது. கல்லூரியில் ஓராண்டு ஆடவைத்தால் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் செலவில் பெண் பார்ப்பது போன்ற ஏற்பாடு. இதன் மேல் கல்வி என்ற சாயத்தை யார் பூசினார்களோ, நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள்.

கணக்கையும் பாருங்கள், நீங்கள் கணக்குத் தெரிந்தவர். முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞரின் ஊதியத்தை 1995 முதல் ஓர் அட்டவணையே தீர்மானிக்கிறது. எவ்வளவு நன்றாக ஆடினாலும் முதல் ஒப்பந்தத்தில் அதற்கு மேல் பேரம் பேச முடியாது. நான்கு ஆண்டுகள் வரை அணி அவரை அந்த விலையில் வைத்துக்கொள்ளலாம். உண்மையான பேரம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான். பத்தொன்பதில் வந்தவர் அதற்கு இருபத்து மூன்றில் உட்காருவார். பட்டம் வாங்கி இருபத்து இரண்டில் வந்தவர் இருபத்து ஆறில். முழங்காலை நம்பிப் பிழைக்கும் தொழிலில் அந்த மூன்று ஆண்டுகள் திரும்ப வராதவை. 2019 பிப்ரவரியில் உங்கள் ஊரின் அரங்கத்திலேயே, ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்தில் ட்யூக் ஆட்டக்காரர் சயான் வில்லியம்சனின் காலணி கிழிந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, அந்த இரவின் வருமானத்தில் பங்கில்லாதவர்களில் அவரும் ஒருவர்.

படிப்பு எங்கும் ஓடிப்போய்விடாது. மைக்கேல் ஜோர்டன் 1984-இல் கிளம்பி 1986-இல் பட்டத்தை முடித்தார். ஷக்கீல் ஓ'நீல் 1992-இல் கிளம்பி 2000-இல் முடித்தார். உங்களுக்குப் பக்கத்திலுள்ள சாப்பல் ஹில்லில் மூன்றாண்டு படித்துவிட்டுப் போன வின்ஸ் கார்ட்டர், 2001 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான தொடரின் முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் காலையில் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொண்டு, விமானம் ஏறி வந்து மாலையில் ஆடினார். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து விழவில்லை. அவருடைய டொராண்டோ அணி ஒரே புள்ளியில் தோற்றது. உடனே எல்லாரும் அவரைத் திட்டினார்கள், பட்டம் வாங்கப் போனதற்காக! படிப்பை விட்டாலும் ஏச்சு, படிப்பை முடித்தாலும் ஏச்சு.

நீங்கள் வருந்தும் நிலைமையே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2021-இல் முன்கூட்டி டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வெளிநாட்டவரையும் சேர்த்து 350-க்கும் மேல். 2025-இல் அது நூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இந்த நான்கு ஆண்டுகளில் பையன்களுக்குத் திடீரென்று கல்வியின் மேல் பக்தி பெருகிவிடவில்லை. கொடுத்தார்கள், இருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்கலாம்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டல்லாஸ் தன் ஊரில் ஆடும் ஆட்டங்கள் பெரும்பாலும் உங்கள் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கும். மறுநாள் பள்ளி இருக்கிறது என்று தொலைக்காட்சியை அணைத்துவிடாமல், முடியும்வரை பார்க்க விடுங்கள்.