குடும்ப ஆலோசனை படித்துப் பேராசிரியர் ஆகப் போகிறாளாம்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் பி.எஸ்சி. உளவியல் கடைசி ஆண்டு. அப்பா, பி.எட். முடித்து டீச்சர் ஆகிவிடு என்கிறார். அவளோ குடும்ப ஆலோசனை, குடும்ப வன்முறைத் தடுப்பு இரண்டிலும் ஆராய்ச்சி செய்து கல்லூரியில் அதையே பாடமாக நடத்தப் போகிறேன் என்கிறாள். 'ஊரார் வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுக்கிற படிப்புக்குச் சம்பளம் என்ன வரும், வரன் என்ன வரும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்கும் வரனுக்கும் பிறகு வருகிறேன். தலையைக் கொடுப்பது என்றால் என்ன வேலை என்று தெரிந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

கவுன்சலிங் என்றதும் நம் ஊரில் மனதுக்கு வருவது ஒரே காட்சி. புருஷனையும் பெண்டாட்டியையும் எதிரெதிரே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கேட்டு, 'குழந்தை முகத்தைப் பாருங்க, விட்டுக்கொடுத்துப் போங்க' என்று அனுப்பிவைப்பது. ஊர்ப் பெரியவர்கள் செய்ததும் இதுதான். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு, அங்கேயும் பல நேரம் நடப்பது இதுதான். வீட்டுச் செலவு, மாமியார் பேச்சு, சொந்தக்காரர் தலையீடு என்று வரும் பிணக்குகளில் இது ஓரளவு பலிக்கும். அடி விழுகிற வீட்டில் பலிக்காது, ஆபத்தாகவும் முடியலாம். காலையில் கவுன்சலர் முன்னால் மனைவி வாய்திறந்து சொன்னதற்கு, ராத்திரி வீட்டில் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தானே! அதனால் பயிற்சி பெற்றவர் முதலில் இருவரையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார். கை நீட்டியதுண்டா, கழுத்தை நெரித்ததுண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா, பணமும் போனும் யார் கையில் என்றெல்லாம் கேட்பார். அவள் பயந்து வாழ்கிறாள் என்று தெரிந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைக்க மாட்டார். அவள் எங்கே பத்திரமாக இருக்க முடியும் என்பதைத்தான் முதலில் பேசுவார்.

ஆக, சேர்த்துவைக்கிற படிப்பும் காப்பாற்றுகிற படிப்பும் உரசிக்கொள்கிற இடம் இது. உங்கள் மகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறாள் என்றால், இந்த உரசல் தெரிந்துதான் சொல்கிறாளா என்று அவளிடமே கேளுங்கள். தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் இருவரையும் தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்பலாம் என்கிறது அதன் 14-ஆவது பிரிவு. கூடவே வந்த விதிகள் இன்னும் கறாரானவை. 'அவள் இப்படிச் செய்தாள், அதனால்தான் அடித்தேன்' என்று எதிர்த்தரப்பு ஆலோசனையின்போது நியாயம் பேச இடமில்லை. இனி வன்முறை நடக்காது என்ற உறுதியைப் பெறுவதே அந்த ஆலோசனையின் நோக்கம். நம் மாவட்டங்களில் ஆலோசகர்கள் இந்த விதியை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியை வைத்தே ஒரு பி.எச்டி. செய்துவிடலாம்.

ஆராய்ச்சிக்கு விஷயப் பஞ்சமே இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில், கணவரால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1. படிப்பிலும் வேலைவாய்ப்பிலும் முன்னே நிற்கிற மாநிலத்தில் ஏன் இந்த எண்? உண்மையிலேயே இங்கே அதிகமா, அல்லது இங்குள்ள பெண்கள் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்களா? உட்கார்ந்து வேலை செய்ய ஆள் வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே விட்டுவிடுவார்கள். கேள்வி கேட்டதாலேயே ஒருத்திக்கு அடி விழக் கூடாது என்ற இந்த ஒழுக்கத்தைத்தான் ஒரு நல்ல துறை முதலில் சொல்லிக்கொடுக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். வன்முறையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் வினாத்தாள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மர்ரே ஸ்ட்ராஸ் 1979-இல் வெளியிட்டது, பிறகு திருத்தப்பட்டது. தள்ளியது, அறைந்தது, உதைத்தது எல்லாம் அதில் எண்ணிக்கையாக வரும். மனைவியின் ஏ.டி.எம். கார்டை மாமியார் வாங்கி வைத்துக்கொள்வது, பிறந்த வீட்டுக்கு போன் பேச விடாதது, நகையை அடகு வைத்துவிட்டுக் கேட்டால் முறைப்பது ஆகியவற்றை அதில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நம் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்றே சொல்கிறது. நம் வீடுகளுக்கென்று, தமிழில் யோசித்து எழுதிய வினாக்கள் வேண்டும். திண்டுக்கல் பக்கம் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இதில் இருக்கும் வசதி, பாஸ்டனில் வளர்ந்தவருக்கு இருக்காது.

குடியையும் சொல்லாமல் விட முடியாது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்குச் சிகிச்சை தருவதோடு, மனைவியையும் குடும்பத்தையும் சேர்த்தே கவனிக்கிறது. குடி நின்றால் அடியும் நின்றுவிடுமா? சில வீடுகளில் நிற்கிறது, சில வீடுகளில் சுயநினைவோடு அடிக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது பெரிய கேள்வி.

இனி படிப்பு. இதில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். 'ஃபேமிலி கவுன்சலிங்' என்று அழகான பெயரில் இருக்கும் முதுகலைப் படிப்பில் சேர்ந்துவிடுவார்கள். பிறகு பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இது எந்தத் துறைக்குள் வரும் என்று கேள்வி கிளம்பும். கல்லூரி ஆசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வைத்திருக்கும் நெட் தகுதித் தேர்வில் குடும்ப ஆலோசனை என்று ஒரு பாடம் கிடையாது. உளவியல், சமூகப் பணி, மகளிர் இயல், மனையியல் உண்டு. முதுகலைப் பட்டத்தின் பெயர் இவற்றில் ஒன்றோடு சந்தேகமில்லாமல் பொருந்த வேண்டும். ஆலோசனையைச் சிறப்புப் பாடமாகவோ பின்னால் ஒரு டிப்ளமோவாகவோ வைத்துக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் மகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, பொருத்தம். வாரம்தோறும் களப்பணி உண்டு. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. வெளியே அனுப்ப மனமிருந்தால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். 1984-இல் மும்பை போலீஸோடு சேர்ந்து, போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது அந்த நிறுவனம். பேராசிரியர் வேலையும் களவேலையும் வேறுவேறு அல்ல என்பதற்கு நம் நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உளவியலிலேயே தொடர்ந்தாலும் தவறில்லை. ஆனால் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த தனிப் படிப்பு வேண்டும், வெறும் எம்.எஸ்சி. போதாது.

'தபாலில் எம்.ஏ. உளவியல் படித்துக்கொண்டே பி.எட். முடிக்கட்டுமே' என்று அப்பா யோசனை சொல்லியிருக்கிறார். அந்தக் கதவு மூடியாகிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ புதிதாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. யாராவது சேர்த்துக்கொள்கிறோம் என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

முதுகலை முடித்த கையோடு பி.எச்டி. வேண்டாம். இரண்டு வருடமாவது களத்தில் இருக்கட்டும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டங்களில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம், 181 பெண்கள் உதவி எண், சென்னையில் இப்பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. போன்ற தொண்டு நிறுவனங்கள், குடும்ப நல நீதிமன்றம் என்று எங்கேனும் ஓர் இடம் கிடைக்கும். சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும். தினமும் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது உண்டு, எரிச்சல் வருவது உண்டு. 'நிம்மதி போய்விடுமா' என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் வேலைக்குச் சேரும் இடத்தில் மூத்தவர் ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் இல்லாத இடம் சம்பளம் கூடத் தந்தாலும் வேண்டாம். பி.எச்டி.க்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) தேர்ச்சிதான் குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியர் ஆக பி.எச்டி. வேண்டும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சியின்போது மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நிரந்தர அரசுப் பணியில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அந்த நாற்காலிகள் குறைவு, விளம்பரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை சுயநிதிக் கல்லூரிதான் கதி என்றால், பல இடங்களில் அதில் பாதிகூடத் தேறாது. பி.எட். ஆசிரியர் வேலையும் இன்றைக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை என்பதை அப்பாவிடம் மெதுவாக நினைவுபடுத்துங்கள். நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ் வழியில் படித்த பெண் என்றால் இப்போதிருந்தே ஆங்கிலத்தில் துறைப் புத்தகங்களை வாசிக்கப் பழக வேண்டும்.

வெளிநாட்டுக் கனவு இருந்தால் ஒரு சொல். அமெரிக்காவில் தம்பதி, குடும்ப ஆலோசனை தனித் தொழில். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உரிமம். அங்கே முதுகலைக்குக் கடன் வாங்கி அனுப்பாதீர்கள். இங்கே களத்தில் நின்று, கையில் ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்வியோடு, உதவித்தொகையுடன் பி.எச்டி.க்குப் போகட்டும்.

வரன் விஷயம். 'பெண் போலீஸ் கேஸ் பார்க்கிறாளாமே' என்று பின்வாங்குகிற குடும்பம் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும். அவர்கள் முன்கூட்டியே பின்வாங்குவது உங்களுக்கு மிச்சம்தான், அம்மா.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் டாட்டா நிறுவனத்துக்கும் சியூஇடி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம் திறந்து மார்ச்சில் தேர்வு நடக்கும். இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால் வசதி படைத்த பிரிவில் வராதவர் (நான்-கிரீமி லேயர்) என்ற மத்திய அரசுப் படிவச் சான்றிதழ் வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது, இதே சான்றிதழ் நெட்டுக்கும் தேவைப்படும். தாலுகா அலுவலகத்தில் இழுத்தடிப்பார்கள் என்பதால் நவம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அந்த அலைச்சலை அப்பாவிடம் கொடுக்கலாம்.