ஐந்து நாள் சான்றிதழோடு ஹேஸாப் லீடர் ஆகிவிட முடியுமா?

கேள்வி: ரசாயன ஆலையின் உற்பத்திப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஐந்து நாள் வகுப்புக்கு வந்தால் 'ஹேஸாப் லீடர்' (ஆலையில் எது எப்படித் தவறலாம் என்று குழுவாக அலசும் ஆபத்து ஆய்வை நடத்துபவர்) சான்றிதழும் வேலையும் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். சேரலாமா?

பதில்: 'வேலையும் சேர்த்து' என்று சொல்லும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். ஐந்து நாளில் சொற்களும் படிவமும் பிடிபடும். பலதுறை ஆட்கள் உட்கார்ந்து வாதாடும் கூட்டத்தை நடத்தும் திறன், பல கூட்டங்களில் குறிப்பெழுதுபவராக இருந்தால்தான் வரும். அந்த வாய்ப்பை உங்கள் ஆலையிலேயே கேளுங்கள்.

அதுவரை, ஆலையின் பி அண்ட் ஐடி வரைபடத்தில் (குழாய்கள், வால்வுகள், கருவிகள் எப்படி இணைகின்றன என்று காட்டும் படம்) சிறு பகுதி ஒன்றை எடுங்கள். தொட்டியிலிருந்து பம்ப் வழியாக ரியாக்டருக்குப் போகும் குழாய் போதும். முதலில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாயோடு நடந்து பாருங்கள். களத்தில் இருக்கும் வால்வு வரைபடத்தில் இல்லையென்றால், ஆய்வைத் தொடங்கவே கூடாது.

பிறகு ஓட்டம், அழுத்தம், வெப்பநிலை, மட்டம் ஒவ்வொன்றோடும் 'இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'தலைகீழ்' என்ற சொற்களைச் சேர்த்துக் கேளுங்கள். ஓட்டம் தலைகீழானால்? பம்ப் நின்றதும் ரியாக்டரின் அழுத்தம் திரவத்தைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளும். தொட்டி அழுத்தம் தாங்கக் கட்டியதல்ல, கூரை பிய்த்துக்கொள்ளலாம். 'நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் வால்வு) இருக்கிறது, பாதிப்பில்லை' என்று இங்கேதான் எழுதிவிடுகிறார்கள். தவறு. பாதுகாப்பு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டு விளைவை எழுத வேண்டும். வால்வு அடுத்த கட்டத்தில்தான் வரும். அதைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும்.

வகுப்பில் ஒரு விதி சொல்லித்தருவார்கள்: சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் வருவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். விதி சரிதான். ஆனால் வெளியே தெரியாமல் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் கருவிக்கு இது பொருந்தாது. 2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டில் பெட்ரோல் தொட்டியின் மட்டக் கருவி ஒரே அளவில் சிக்கி நின்றது. அந்தக் கருவியை நம்பியிருந்த அலாரம் ஒலிக்கவில்லை. தனியாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்திருக்க வேண்டிய பூட்டைப் போடாமலே விட்டிருந்தார்கள். பெட்ரோல் வழிந்து, ஆவி பரவி வெடித்தது. சுவிட்ச் அன்று பழுதானதல்ல, முன்பே செயலிழந்து கிடந்தது. இதை 'இரட்டைக் கோளாறு' என்று சொல்லி யாராவது தள்ளிவிடப் பார்த்தால் விடாதீர்கள். ஒவ்வொரு பாதுகாப்பைப் பற்றியும் கேளுங்கள்: கோளாறான அதே கருவியை நம்பித்தான் இதுவும் இருக்கிறதா? செத்தால் நமக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு பொறி, வேறு ஆலையின் பணித்தாளில் உபகரண எண்ணை மட்டும் மாற்றி 'ஆய்வு முடிந்தது' என்று விற்கும் ஆலோசகர்கள். தணிக்கைக்கு வருபவர்களில் பலர் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறின என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

வகுப்பில் சேர்வதானால், உண்மையான வரைபடத்தில் பயிற்சி உண்டா, பயிற்றுநர் எந்த வகை ஆலைகளில் ஆய்வு நடத்தியிருக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்த பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசுங்கள்.