லயத்துக் காம்பிராவுக்கு எந்த வயலின்?

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குப் 11 வயது, பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள், வயலின் பழக ஆசை. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு, விடிய மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு படுத்துவிடுவார்கள், அதனால் ஹெட்போன் போட்டு வாசிக்கிற எலக்ட்ரிக் வயலினே வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் சாதாரண மர வயலின்.

காரணம் வில். தொடக்கத்தில் விரல்களைவிட வில்தான் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும். அழுத்தினால் கீச்சென்று கத்தும், கை லேசானால் மேலோடு சறுக்கும், தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்குக் கிட்டப் போனால் ஒரு குரல், விலகினால் வேறு குரல். மர வயலின் இதை அந்தக் கணமே சொல்லிவிடும். நம் முறைப்படி தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சோடு சாய்த்து வாசிக்கும்போது அதிர்வு எலும்பில் தெரியும். ச-ப சுருதி சரியாகச் சேர்ந்தால் அதை உடம்பே உணரும். எலக்ட்ரிக்கில் அந்த அதிர்வை பிக்கப் என்ற உணர்கருவி எடுத்து வயர் வழியே அனுப்புகிறது, விலை குறைந்தவற்றில் வில்லின் நுணுக்கம் பாதி தொலைந்து இரைச்சல்தான் மிஞ்சும். எடையும் பெரும்பாலும் கூட. முக்கியமாக, அவை அதிகம் வருவது முழு அளவில், உங்கள் மகளுக்கு முக்கால் அளவு தேவைப்படலாம். வயலினை இடது தோளில் வைத்து, இடது கையை அதன் அடியில் நீட்டச் சொல்லுங்கள், வயலினின் சுருள் தலை உள்ளங்கையில் வந்து விரல்கள் அதை மடக்கிப் பிடித்தால் அளவு சரி.

பத்துத் தந்தி எலக்ட்ரிக் இரட்டை வயலினை 1980இல் உருவாக்கிய வயலின் கலைஞர் எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், அவரும் மர வயலினில் கைபழகிய பிறகே மின்சாரத்துக்குப் போனார்.

சரி, சத்தம்? குதிரையில் மாட்டுகிற கனமான ரப்பர் மியூட் (ஒலியடக்கி) ஒன்று வாங்குங்கள். பெரிய செலவில்லை, ஒலி நன்றாக அடங்கும். அதை இரவுக்கு மட்டும் போடட்டும், பகலில் கழற்றிவிட்டுத் திறந்த நாதத்தில் வாசிக்கட்டும், இல்லாவிட்டால் காது அந்த அமுங்கிய குரலுக்கே பழகிவிடும்.

நம் பக்கத்து ஈரம்தான் எனக்குக் கவலை. மழை மாதங்களில் தந்தியை முறுக்கும் பிருடை ஊறி இறுகும், வரண்ட காற்றில் தளர்ந்து நழுவும், ஈரம் மிஞ்சினால் ஒட்டுப் பசையே விடும். ஈரச் சுவரில் தொங்கவிடாதீர்கள், அடுப்படியிலும் வைக்காதீர்கள். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும், ஆனால் நான்கு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தால்தான் உள்ளே சின்ன மரக்குச்சியொன்று ஒட்டாமலே நிற்கிறது, அது விழுந்தால் நாதமும் போய்விடும். கடையிலேயே மேற்பலகையில் உள்ள f வடிவத் துளை வழியாக டோர்ச் அடித்து, குச்சி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.