விண்ணப்பத்தில் 'கேலோ' வேண்டாம்

கேள்வி: பி.காம். முடித்து முதன்முறையாக வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 'கேலோ' என்றால் 'அனுபவமற்ற' என்று அகராதியில் இருக்கிறது. 'ஐ ஆம் கேலோ பட் ஹார்ட்வொர்க்கிங்' என்று எழுதலாமா?

பதில்: கூடவே கூடாது. உங்களை நீங்களே திட்டிக்கொண்டு வேலை கேட்கிறீர்கள்.

சி, ஏ, இரண்டு எல், ஓ, டபிள்யூ என்று எழுதி, 'ஷாலோ'வைப் போல உச்சரிக்கும் இந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வழுக்கை என்று பொருள். பிற்பாடு இறகு முளைக்காத பறவைக் குஞ்சைக் குறித்தது; அங்கிருந்து மனிதர்களுக்கு வந்தது. அனுபவக் குறைவோடு பக்குவமின்மையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கேலோ யூத்' என்பது நம் 'விடலைப் பயல்' என்பதற்கு வெகு நெருக்கம். பால்மணம் மாறாத பிள்ளை என்ற வாஞ்சையெல்லாம் அதில் கிடையாது. ஐம்பது வயதில் முதன்முதலாகக் கடை வைப்பவருக்கு வியாபார அனுபவம் இல்லைதான். அவரை யாரும் கேலோ என்பதில்லை. அகராதிகள் பொருளை ஒரே சொல்லில் முடித்துவிட்டு இந்த இளக்காரத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை. புதிய சொல்லைக் கையாளுமுன் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள்.

குறை சொல்லும் தொனி இல்லாத சொல் 'இன்எக்ஸ்பீரியன்ஸ்டு'. துறையைச் சொல்லும்போது அதன்பின் 'இன்' வரும்: 'இன்எக்ஸ்பீரியன்ஸ்டு இன் அக்கவுண்டிங்'. 'கேலோ இன் அக்கவுண்டிங்' என்பது தொனியில் மட்டுமல்ல, வழக்கிலும் பிழை. அனுபவமில்லாதவர் என்ற பொருளில் 'கிரீன்' பேச்சுக்குச் சரி, விண்ணப்பத்துக்கு ஆகாது. 'ரா டேலண்ட்' (பட்டை தீட்டாத திறமை) பாராட்டுதான், ஆனால் அதைப் பிறர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்னொன்று: 'கேலஸ்' என்பது வேறு சொல். ஈவிரக்கமற்ற என்று பொருள். அவசரத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

இல்லாததைச் சொல்லித்தான் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டுமா? 'ஐ ஆம் எ ரீசன்ட் பி.காம். கிராஜுவேட்' என்று தொடங்குங்கள். அனுபவம் இல்லை என்பது அதிலேயே விளங்கிவிடும். அடுத்த வரியில் டேலி, ஜிஎஸ்டி என்று உண்மையிலேயே தெரிந்ததை எழுதுங்கள். 'ஃபிரெஷர்' இந்திய நிறுவனங்களுக்குப் புரியும். பிரிட்டனுக்கு அனுப்பினால் அது வேண்டாம்; அங்கே கல்லூரி முதலாண்டு மாணவரைத்தான் அப்படிச் சொல்வார்கள்.