மட்டக்களப்பில் வீட்டுக்கு எந்தச் சோலார் இன்வெர்ட்டர், எவ்வளவு பற்றரி?

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக: வீடு கல்லடியில். மாதம் 110 யூனிட் அளவில் ஓடுகிறது. ஒருவர் 5 கிலோவாட் ஆன்கிரிட் போடச் சொல்கிறார், இன்னொருவர் 3 கிலோவாட் இன்வெர்ட்டரும் நான்கு டியூபுலர் (ஈய அமில) பற்றரியும் போதும் என்கிறார். அம்மாவின் இன்சுலின் பிரிட்ஜில் இருப்பதால் இரவில் கரண்ட் போனாலும் பிரிட்ஜ் நிற்கக் கூடாது.

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். இப்போது பாதிக்கு மேல் சோலார் வேலைதான், அதுவும் ஏறாவூர் முதல் களுவாஞ்சிகுடி வரை கடற்கரைப் பக்கத்து வீடுகள். உங்கள் கேள்வியின் கடைசி வரி போதும், ஆன்கிரிட் மட்டும் போடுகிற பேச்சு அதோடு முடிந்தது. ஆன்கிரிட் இன்வெர்ட்டர் ரோட்டு மின் லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் செத்த அந்த நொடியே தானும் நின்றுவிடும், அது பழுது அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மனிதனுக்கு உங்கள் கூரையிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்காக. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுக்கக் கரண்ட் போனதே, ஞாபகம் இருக்கும். உச்சி வெயில் நேரம். கூரை நிறையப் பனல் வைத்திருந்த ஆன்கிரிட் வீடுகளிலும் ஒரு ஃபேன் சுற்றவில்லை. பில் குறைந்தால் போதும் என்பவருக்கு ஆன்கிரிட் நல்ல வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 110 யூனிட் வீட்டுக்கு 5 கிலோவாட் என்பது மாதம் 500 யூனிட்டுக்கு மேல் தரும், மிச்சத்தை விற்கத்தான் வேண்டும், புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் விலையை 2025இல் குறைத்தும் விட்டார்கள். உங்கள் தேவை அது இல்லை.

உங்களுக்கு வேண்டியது பற்றரியோடு ஓடும் ஹைப்ரிட். சரி, எவ்வளவு பெரியது? இங்கேதான் எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். "3 கிலோவாட்டா 5 கிலோவாட்டா" என்று இன்வெர்ட்டரில் தொடங்கினால் கடைக்காரரிடம் இருக்கிற சாமான்தான் உங்கள் வீட்டுக்கு வரும். நீங்கள் முதலில் இரவைக் கணக்குப் பாருங்கள். பின்னேரம் 6 மணிக்கு மீட்டரில் இருக்கும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள், காலை 6 மணிக்கு மறுபடி எழுதுங்கள், கழித்தால் வருவதுதான் உங்கள் இரவு. ஒரு கிழமை இப்படி எழுதினால் போதும், விலைகோரல் கொண்டு வருகிற எவரையும் விட உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியும்.

உங்கள் வீட்டைப் பார்க்காமலே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நடுத்தர அளவு பிரிட்ஜ் ஒன்று நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூட இழுக்கும், இரவுப் பங்கு 0.6 யூனிட் என்று வையுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 70 வாட், மூன்று ஃபேன் ஒன்பது மணித்தியாலம் ஓடினால் 1.9 யூனிட். எல்.இ.டி பல்புகள், டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து அரை யூனிட். ஆக 3 யூனிட். பார்த்தீர்களா, இதில் பெரும் பங்கு ஃபேனுக்குத்தான் போகிறது. அதே மூன்றையும் 30 வாட் பி.எல்.டி.சி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டர்) ஃபேனாக மாற்றினால் 1.9 என்பது 0.8 ஆகிவிடும். பற்றரியில் ஒரு யூனிட்டைக் கூட்டுவதற்கு ஆகும் செலவையும் மூன்று ஃபேன் மாற்றும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் எல்லோரையும் ஃபேனை முதலில் மாற்றச் சொல்வது ஏன் என்று புரியும்.

இந்தக் கணக்கில் பெரும்பாலானவர்கள் சேர்க்காத ஒன்று இருக்கிறது: இன்வெர்ட்டர் தானே தின்னுகிற கரண்ட். 5 கிலோவாட் ஹைப்ரிட் ஒன்று, வீட்டில் ஒரு பல்பு கூட எரியாவிட்டாலும், 50 வாட் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கப் பார்த்தால் 1.2 யூனிட், அதாவது இன்னொரு பிரிட்ஜ், அதில் இரவுப் பங்கு 0.6. மனுவலில் 'நோ லோட்' என்ற இடத்தில் எழுதியிருப்பார்கள், வாங்கும் முன் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் விலை இல்லை, இதுதான்.

ஆகவே பழைய ஃபேனோடு உங்கள் இரவு 3.6 யூனிட், புது ஃபேனோடு 2.5 யூனிட். இப்போது பற்றரிக்கு வருவோம். 12 வோல்ட் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் நான்கு என்றால் பேப்பரில் 7.2 யூனிட். ஆனால் ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும், எனவே கையில் 3.6, இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் 3 யூனிட் சொச்சம். அதோடு வெக்கை. அந்தப் பற்றரியின் ஆயுளை 25 பாகை செல்சியஸில் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட கணக்கு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரம் போட்ட பின் அறைக்குள் என்ன வெக்கை இருக்கும் என்று கல்லடிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது வரும் வாயு வெளியே போக ஜன்னல் வேண்டும், இன்வெர்ட்டரை அதே அலுமாரிக்குள் வைக்கவே கூடாது.

லிதியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரி 51.2 வோல்ட் 100 ஆம்பியர் அவர் ஒன்று 5.1 யூனிட். அதில் 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், கைக்கு 4 யூனிட் வரும். உங்கள் இரவுக்கு ஒன்றே போதும். நல்ல கம்பனிகள் ஆயிரக்கணக்கான சுற்றுக்கு (ஒரு தடவை நிரப்பி இறக்குவது ஒரு சுற்று) உத்தரவாதம் தருகிறார்கள். நான் டியூபுலர் போட்டுக் கொடுப்பதை விட்டுவிடவில்லை, காசு ஒரே தடவையில் புரளாத வீடுகளுக்கு அதுதான் வழி, ஆனால் மருந்து வைத்த பிரிட்ஜுக்கு என்று கேட்டால் லிதியம் என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம்: பழைய செல்களைப் பொறுக்கிப் புதுப் பெட்டியில் அடைத்து விற்பதும் நடக்கிறது. சீரியல் இலக்கம் இல்லாத, இலங்கையில் முகவர் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். பற்றரிக்குள் இருந்து செல்களைக் கவனித்துக் காக்கும் பி.எம்.எஸ் என்ற போர்டு, நீங்கள் வாங்கும் இன்வெர்ட்டரோடு கேபிளில் பேசுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பேசாவிட்டாலும் ஓடும், ஆனால் பற்றரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை வோல்ட்டேஜைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான், லிதியத்தில் அந்த ஊகம் சரியாக வராது.

இன்வெர்ட்டர் உங்களுக்கு 3 முதல் 3.5 கிலோவாட் போதும், பியூர் சைன் வேவ் (லைன் கரண்ட் போலவே சீரான அலை) ஆக இருக்க வேண்டும், பிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் ஃபேனுக்கும் அது முக்கியம். பற்றரிப் பக்கம் 48 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இந்த அளவில் 24 வோல்ட்டும் விற்கிறார்கள், அதில் மேலே சொன்ன லிதியம் பெட்டியைக் கொழுவ முடியாது. வீட்டு மோட்டர் அரைக் குதிரைவலு என்றால் பகலில் அதுவும் ஓடும். மோட்டர் தொடங்கும் அந்த ஒரு நொடிக்கு ஓடும்போது எடுப்பதைப் போல பல மடங்கு கேட்கும், ஆகவே தண்ணீரை வெயில் நேரத்தில் ஏற்றிவிடுங்கள். அயன் பொக்ஸ், கேத்தில், ரைஸ் குக்கர் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்குள் விடாதீர்கள். இதற்கு நான் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு போர்டு வைத்து, பிரிட்ஜ், ஃபேன், லைட், வைஃபை பிளக் ஆகியவற்றை மட்டும் அதற்கு மாற்றிவிடுவேன். இந்தப் பிரிக்கும் வேலைக்கு ஒரு நாள் வயரிங் கூலி ஆகும் என்பதால் சிலர் முழு வீட்டையும் இன்வெர்ட்டரில் கொழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரோ இரவில் கேத்திலைப் போட, பற்றரி மளமளவென்று இறங்கி, விடியற்காலையில் பிரிட்ஜ் நின்றுவிடும்.

போர்டைத் திறக்கும்போதே ட்ரிப் சுவிச்சையும் பார்க்கச் சொல்லுங்கள், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அதன் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்து நிற்கலாம். அப்போது யாருக்காவது ஷொக் அடித்தாலும் ட்ரிப் சுவிச் விழாது. இன்வெர்ட்டருக்குப் பிறகு தனி ட்ரிப் சுவிச் போட்டு, கரண்ட் இல்லாத நேரத்தில் நியூட்ரலும் எர்த்தும் சேரும்படி செய்து, மெயினை நிறுத்திவிட்டு டெஸ்ட் பட்டனை மட்டும் அமுக்காமல் ட்ரிப் சுவிச் சோதிக்கும் மீட்டரை வைத்து விழுத்திக் காட்ட வேண்டும். பனல் பக்கத்து பிரேக்கர் டி.சி பிரேக்கராகவே இருக்க வேண்டும். ஆறு பனலைத் தொடராகக் கொழுவினால் 300 வோல்ட் வரும், அந்த டி.சி நெருப்பைச் சாதாரண ஏ.சி பிரேக்கரால் அணைக்க முடியாது.

பனல் 550 வாட்டில் ஆறு, அதாவது 3.3 கிலோவாட் வையுங்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு பனலை ஏற்குமா, 300 வோல்ட்டைத் தாங்குமா என்று மனுவலில் பாருங்கள், சில மாடல்கள் 145 வோல்ட்டோடு நின்றுவிடும். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும், உங்களுக்கு நாளுக்கு நான்கு கூட வேண்டாமே என்று கேட்பீர்கள். மாரிக்காகத்தான். கார்த்திகை, மார்கழியில் நாள் கணக்கில் வானம் மூடிக் கிடந்தால் அதே பனல் 3, 4 யூனிட் தருவதே பெரிய காரியம். இருட்டு நாட்களுக்காகப் பற்றரியை இரட்டிப்பாக்கினாலும் அதை நிரப்ப வெயில் வேண்டுமே, ஆகவே மிச்சக் காசு இருந்தால் பனலில் போடுங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பார்த்த கூரைப் பக்கம் இருந்தால் அதை விடாதீர்கள். தென்னை ஓலை நிழல் ஒரு பனலில் விழுந்தாலும் தொடர் முழுக்க அடிபடலாம். பனலைத் தாங்கும் கம்பிகளை ஓட்டிலோ தகரத்திலோ முறுக்காமல் கீழே இருக்கிற மரத்தில் இறுக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், கூரை வேலையை ஏன் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்.

கடல் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. போன வருடம் உங்கள் பக்கத்திலேயே ஒரு கூரையில் பனல் வயர் சேர்க்கும் எம்.சி.4 கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே கறுப்பாகப் புதிது போல இருந்தது, உள்ளே பின் முழுக்கப் பச்சை பூத்து, ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது. இரண்டு வேறு கம்பனிக் கனெக்டரை ஒன்றோடொன்று சொருகியிருந்தார்கள், 'டிக்' என்று பூட்டவே இல்லை, அந்த இடைவெளியால் உப்புக் காற்று போயிருக்கிறது. ஆணிகள் கறள் பிடிக்காத எவர்சில்வரில், முடிந்தால் 316 தரத்தில் இருக்கட்டும், ஹார்ட்வெயார் கடை நாகம் பூசிய ஆணி கடற்கரையில் தாங்காது. இன்வெர்ட்டரை வீட்டுக்குள், கடல் பக்கம் இல்லாத சுவரில் மாட்டுங்கள், வயர் போகும் ஓட்டைகளை அடையுங்கள், பல்லி உள்ளே போய் போர்டில் குறுக்கே விழுந்து எரிந்த இன்வெர்ட்டர்கள் நிறைய.

செட்டிங்கில் சாதாரண நாட்களில் சோலார், பிறகு பற்றரி, பிறகு லைன் என்ற வரிசை. 110 யூனிட் வீட்டுக்கு லைனில் எடுப்பது 60 யூனிட்டுக்குள் இறங்கினாலே கட்டண வரிசை மாறிவிடும், அது நல்ல மிச்சம். ஆனால் ஐப்பசி பிறந்ததும் பற்றரி 60 சதவீதத்துக்கு இறங்கினால் லைனுக்கு மாறும்படி வைத்துவிடுங்கள், மாரியில் புயல் இரவொன்றில் கரண்ட் போகும்போது பற்றரி வெறுமையாக இருக்கக் கூடாது. தை கழிந்து மறுபடி பழையபடி மாற்றலாம்.

கடைசிக் கொடுப்பனவுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நாள் பின்னேரம் 6 மணிக்கு மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, வழக்கம் போல ஃபேன், டிவி எல்லாம் போட்டு, விடியும் வரை அப்படியே விடுங்கள். அன்றைக்கு மட்டும் அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். காலையில் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்து, பற்றரியிலும் 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் மீதிக் காசைக் கொடுக்கலாம்.