இரண்டு சுவிட்ச், இரண்டு கேபிள்

கேள்வி: விடுதிக் கம்ப்யூட்டர்களை இணைக்க எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் 2 வாங்கினேன். வேகம் கூடட்டும் என்று நடுவில் 2 கேபிள் போட்டதும் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. சுவிட்ச் பழுதா? (ராமேஸ்வரம்)

பதில்: ஒரு கேபிளை உருவுங்கள், எழுந்துவிடும். நீங்கள் வாங்கியது செட்டிங் எதுவும் இல்லாத சாதா ரகம். அதில் இரண்டு கேபிள் போட்டால் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி எல்லாவற்றையும் அடைத்துவிடும். எல்.ஏ.சி.பி. (பல கேபிளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை) உள்ள, செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: 1 ஜிகாபிட் கேபிள் இரண்டைச் சேர்த்தால் 2 ஜிகாபிட் என்றார் கடைக்காரர். செட்டிங் சரி, லிங்க்கும் வந்துவிட்டது. ஆனால் ஃபைல் காப்பி விநாடிக்கு 110 எம்.பி.யைத் தாண்டவில்லை. (கீழக்கரை)

பதில்: பாதி உண்மையைச் சொல்லி விற்றிருக்கிறார். ஒரு கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை அனுப்பினால் அது ஒரே கேபிளில்தான் போகும், ஒரு ஜிகாபிட் கேபிளின் உச்சம் ஏறக்குறைய அந்த 110 எம்.பி.தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் இரண்டிலும் பிரியும். இதே ஆசையில் நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டு ஒன்றை நானும் வாங்கினேன். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். கார்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது.

கேள்வி: சர்வரிலிருந்து இரண்டு சுவிட்சுக்கும் தலா ஒரு கேபிள். ஒரு சுவிட்ச் போனாலும் மற்றது தாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கம்பெனி. எல்.ஏ.சி.பி. சேரவே மாட்டேன் என்கிறது. (மண்டபம்)

பதில்: சேராது. எல்.ஏ.சி.பி. 2000-லேயே பொது விதியாகிவிட்டது. ஆனால் இரண்டு சுவிட்சை ஒன்றுபோலக் காட்டும் ஸ்டாக்கிங், எம்-லேக் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வாங்குமுன் டேட்டா ஷீட்டைப் புரட்டக்கூட நேரமில்லையா? சரி, சர்வரில் 'ஆக்டிவ்-பேக்கப்' (ஒரு கேபிள் ஓடும், மற்றது காத்திருக்கும்) வையுங்கள். எந்த சுவிட்சோடும் ஓடும், வேகம் மட்டும் ஏறாது.

கேள்வி: சிறிய பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். மலிவாகக் கிடைத்த 'கேட் 6' ரக நெட்வொர்க் கேபிளில் இரண்டு லிங்க் சேர்த்திருந்தேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்று எப்போதோ செத்திருக்கிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்கிறார்கள். (தொண்டி)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு ஓடும், அதனால்தான் வெளியே தெரியவில்லை. கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. கேட் 6 என்றால் முழுச் செம்பு இருக்க வேண்டும். இந்தப் பித்தலாட்டத்தை எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நம் உப்புக்காற்றில் முனை அரித்துப்போகும், கொஞ்சம் வளைத்தால் ஒடியும், கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் சூடாகும். என் வீட்டு மாடியில் இப்படி ஒரு பெட்டி கேபிளைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். பெட்டியில் செம்பு என்று போட்டு அலுமினியம் விற்றால் அது ஏமாற்று, வாபஸ் இல்லை என்ற வரி அதைக் காப்பாற்றாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் கடை என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: இரண்டு சுவிட்சிலும் எல்.ஏ.சி.பி. 'பாஸிவ்' வைத்தேன். லிங்க் சேரவில்லை. (தேவிபட்டினம்)

பதில்: இரண்டு பேரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தையாவது 'ஆக்டிவ்' ஆக்குங்கள்.